500 வருஷத்து பிரெஞ்சு பண்ணையும் பாகூர்ல எங்க தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டாயும்: இடிக்கலாமா வேணாமா?

பாகூர்_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க அக்காவும் மாமாவும் பாரீஸ் பக்கத்துல சர்செல்ல இருக்காங்க. போன செப்டம்பர்ல அம்மாவ கூட்டிட்டு போயிருந்தேன். ஈஃபில் டவரு, மியூசியம் எல்லாம் முடிச்சு காலெல்லாம் வீங்கி போய் உக்காந்திருந்தப்ப மாமா சொன்னார், இந்த சனி ஞாயிறு பத்ரிமுவான் நாளு, பழைய எடமெல்லாம் தொறந்து வச்சிருப்பான், வாங்க ஒரு பண்ணைய காட்டறேன்னு. நார்மாண்டி பக்கம் ரெண்டரை மணி நேரம் கார்ல. போற வழியில லிசியூ, எங்க எதிர் வீட்டு அக்கா குழந்தை தெரேசம்மா படம் வாங்கிட்டு வர சொல்லியிருந்தாங்க, அதை வாங்கிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போனா க்ரெவ்கேர்-ஆன்-ஓஜ்னு ஒரு சின்ன ஊரு.

பெரிய அரண்மனையா இருக்கும், சிலையெல்லாம் வச்சிருப்பான்னு நெனச்சு போனேன். பாத்தா சுத்தி அகழி, நடுவுல ஒரு மேடு, அதுல ஒரு வீடு, கீழ முற்றம் மாதிரி ஒரு பெரிய வெளி, அதுல களஞ்சியம், சின்ன கோயில், தொழுவம். எல்லாம் மரச்சட்டம் போட்டு நடுவுல மண்ணு அப்பின சுவரு. 15ஆம் நூற்றாண்டுன்னு எழுதியிருக்கான். எங்கம்மா கிட்ட போய் சுவத்த தடவி பாத்துட்டு "இதுல வைக்கோல் தெரியுதுடா, இது நம்மூரு மண்சுவரு தானே, இதுக்கா டிக்கெட்டு"ன்னாங்க. மாமாவுக்கு முகமே மாறிடுச்சு.

ஆனா எனக்கு ஒன்னு மட்டும் மண்டைய விட்டு போகல. அந்த வெளியில சதுரமா ஒரு மர கோபுரம் தனியா நிக்குது. உள்ள போனா நாலு பக்கமும் தரையிலேந்து கூரை வரைக்கும் சின்ன சின்ன மாடம், ஆயிரத்துக்கு மேல இருக்கும். புறாக்காம். ஒரு பண்ணையில ஆயிரம் புறா ஜோடிய வச்சிக்கிட்டு என்ன பண்ணான்? அங்க சொன்னது எல்லாம் வேகமான பிரெஞ்சு, மாமா பாதி மொழிபெயர்த்தார், பாதி அவருக்கே புரியலன்னு நெனக்கிறேன்.

இப்ப என் சொந்த பிரச்சனை. பாகூர் பக்கத்துல எங்க தாத்தா வீடு இருக்கு. திண்ணை, முற்றம், நெல்லு கொட்டற அறை, பின்னாடி மாட்டுக்கொட்டாய். நாட்டு ஓடு, பனஞ்சட்டம், செங்கல்லு மண்சாந்து சுவரு, மேல சுண்ணாம்பு. தானே புயல்ல கொட்டாய் கூரை போச்சு, அதுக்கப்புறம் தகரம். பாகப்பிரிவினை முடிஞ்சிடுச்சு, பெரியப்பா பசங்க எல்லாத்தையும் தரைமட்டமாக்கி நாலு கடை கட்டி வாடகைக்கு விடலாம்ங்கறாங்க. பாக்க வந்த இன்ஜினியரும் "மண்சாந்து சார், நிக்காது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். 500 வருஷமா அங்க மண்ணும் மரமும் நிக்குது, எங்க வீட்டுக்கு 80 வருஷம் கூட ஆகல. அவன் என்ன செஞ்சான், நாம என்ன செய்யல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சொல்தா_பேரன்:

தம்பி, புறாவுக்கு வரேன், அதுக்கு முன்னாடி அந்த எடம் என்னன்னு தெளிவாக்கிடறேன். எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், நான் லிசேங்கற பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சவன், ஓய்வு வாங்கினப்புறம் நாலு வருஷம் நார்மாண்டியில மகன் வீட்ல சும்மா உக்காந்திருந்தேன், சும்மா இருந்த நேரத்துல பாத்தது தான் இதெல்லாம்.

நீங்க பாத்தது கோட்டை, பண்ணை ரெண்டும் கலந்தது. மேடும் அகழியும் 11ஆம் நூற்றாண்டு வழக்கம், கோட்டை கட்டற காலம். சின்ன கோயில் 12ஆம் நூற்றாண்டு. வீடும் புறாக்கூடும் 15ஆம் நூற்றாண்டு, அப்ப கோட்டை வேலை குறைஞ்சு பண்ணை வேலை பெருசாயிடுச்சு. இந்த மாதிரி எடத்த 'மனுவார்'னு சொல்வான். ஷத்தோன்னா பெரிய பிரபு. மனுவார்னா நம்ம ஊரு மிராசுதார் அளவு. ஒரு சின்ன பட்டத்தோட நெலம் வச்சிக்கிட்டு, சாணி வாசனையோட அங்கயே குடியிருக்கறவன். அதனால தான் அம்மாவுக்கு அரண்மனையா தெரியல, அம்மா சரியா தான் பாத்திருக்காங்க.

ஏன் 15ஆம் நூற்றாண்டு வீடே இவ்ளோ நிக்குதுன்னா, 1337லேந்து 1453 வரைக்கும் இங்கிலீஷ்காரனோட சண்டை, நடுவுல 1348ல கொள்ளை நோய், ஊர் ஊரா காலி. நார்மாண்டி திரும்ப பிரெஞ்சு கைக்கு வந்தது 1450ல, ஃபோர்மிஞி சண்டைக்கப்புறம். எரிஞ்ச ஊர எல்லாம் திரும்ப கட்டினான். வேலைக்கு ஆள் கெடைக்கல, கெடைச்ச ஆளும் கூலி கூட கேட்டான், அதனால நெலத்த தானே உழாம வருஷத்துக்கு இவ்ளோன்னு பேசி விட ஆரம்பிச்சான். இங்க தான் ஒரு வார்த்தை விஷயம். பிரெஞ்சுல பண்ணைக்கு 'ஃபெர்ம்'ங்கறோம்ல, அதுக்கு ஆதி அர்த்தம் பண்ணையே இல்ல, குத்தகை. நிலையா பேசி முடிச்ச தொகை. குத்தகைக்கு விட்ட எடம், அப்படியே பண்ணைன்னு ஆயிடுச்சு. ஃபெர்மியேன்னா குத்தகைதாரர். நம்ம புதுச்சேரியில சாராயக் குத்தகை, வெத்தல பொகையில குத்தகைன்னு கொம்பனிக்காரன் காலத்துல ஏலம் விட்டதும் இதே வார்த்தைல தான். வெளைச்சல்ல பங்கு போட்டுக்கறது 'மெத்தேயாழ்', அது நம்ம வாரம். பேரு தான் வேற, கணக்கு ஒன்னு தான்.

இப்ப புறா. கொலம்பியேன்னு பேரு. ஒவ்வொரு மாடமும் ஒரு ஜோடிக்கு, அதை 'புலான்'ம்பான். கறிக்கு தான் முக்கியமா. கோழி மாதிரி தீனி போட வேணாம், காலைல தொறந்து விட்டா தானா மேஞ்சிட்டு வரும், குஞ்சு மூனு நாலு வாரத்துல சட்டிக்கு ரெடி. அதை விட மதிப்பு எச்சத்துக்கு, திராட்சைக்கும் சணலுக்கும் அதை மாதிரி எரு கெடையாது, குத்தகை பேசறப்பவே எச்சம் யாருக்குன்னு தனியா எழுதுவான். உள்ள நடுவுல ஒரு தூண் நட்டு அதுல ஏணிய மாட்டி சுத்தற மாதிரி வச்சிருப்பான், ஒருத்தன் ஏணியில நின்னுக்கிட்டே ஒரு சுத்துல எல்லா மாடத்துலயும் குஞ்சு எடுத்துடலாம். வெளிப்பக்க சுவத்துல பாதி உயரத்துல ஒரு விளிம்பு நீட்டியிருக்கும், எலி ஏற முடியாம.

ஆனா காசு இருந்தா யாரு வேணா கட்டிக்க முடியாது. நார்மாண்டியில அது ஃபீஃப், அதாவது பட்டத்தோட வந்த நெலம், வச்சிருக்கற பிரபுவோட உரிமை. பல எடத்துல நெலத்தோட அளவுக்கு ஏத்த மாதிரி தான் மாடம், ஒரு ஆர்பானுக்கு ஒரு புலான், ஆர்பான்னா நம்ம ஏக்கர விட கொஞ்சம் பெருசோ சின்னதோ, ஊருக்கு ஊரு மாறும். அதனால புறாக்கூட்ட எண்ணிப் பாத்தா எவ்ளோ நெலம்னு தெரிஞ்சிடும், பொண்ணு குடுக்க வரவன் வெளியிலேந்தே கணக்கு போட்டுக்குவான். பந்தா காட்டவே தேவைக்கு மேல மாடம் வச்சவனும் உண்டு. தியெப்பு ஊர் கப்பல் முதலாளி ழான் ஆங்கோன்னு ஒருத்தர், 1530கள்ல வராஞ்வில்ல ஒரு மனுவார் கட்டினார், அங்க புறாக்கூட்டுல மாடம் 1600 கிட்ட. அவர் அனுப்பின கப்பல் 1529ல சுமத்ரா வரைக்கும் வந்துச்சு, மொளகு தேடி. கப்பித்தான் பர்மான்தியே அங்கயே காய்ச்சல்ல செத்துட்டார். பிரான்சுவா மர்த்தேன் இங்க பாண்டிச்சேரிக்கு வர்றதுக்கு 145 வருஷம் முன்னாடி. ஆங்கோ கடைசியில கடன்ல மூழ்கி 1551ல செத்தார், அவ்ளோ அழகான மாளிகை அப்புறம் பண்ணையா போச்சு, மாடு கட்டினான். அதனாலயே தப்பிச்சுதுன்னு நான் சொல்வேன்.


மல்லாட்ட_மணி:

எங்க மாடியில நாப்பது புறா, தண்ணி டேங்க் பூரா எச்சம், எருவா போடலாம்னு இப்ப தான் தெரியுது. சுத்தற ஏணி எங்க கெடைக்கும் அண்ணே?


சுண்ணாம்புக்காரன்:

நான் கடலூர் ஓ.டி., பழைய கடலூர்க்காரன். மூனு தலைமுறையா கொத்து வேலை, இப்ப பழைய வீட்டு ரிப்பேர் மட்டும் தான் எடுக்கறேன். பாண்டிச்சேரியில தமிழ் தெருவு வீடுங்க கொஞ்சம் பண்ணியிருக்கேன், அங்க ஒரு பிரெஞ்சு மேஸ்திரி பையன் ரெண்டு மாசம் என் கூட வேலை பாத்தான், அவன் நார்மாண்டிக்காரன் தான், அவன் போன்ல காட்டினத வச்சும் நம்ம அனுபவத்த வச்சும் சொல்றேன்.

மண்ணு நிக்காதுன்னு யாரு சொன்னது. தண்ணி படாத மண்ணு கல்லு மாதிரி நிக்கும். அவங்க செய்யறது இன்னான்னா மொதல்ல முட்டிக்கால் உயரத்துக்கு கருங்கல்லோ சுண்ணாம்பு கல்லோ போட்டு மதில் மாதிரி கட்டறான், அதுக்கு மேல தான் அடிச்சட்டம் படுக்க வைக்கிறான், மரம் தரைய தொடவே தொடாது. அடிச்சட்டத்துல காடி எடுத்து நிமிர்ந்த சட்டத்த சொருகி மரமுளை அடிக்கிறான், ஆணி கெடையாது. ஓக் மரம், வெட்டின பச்சையிலயே செதுக்கறது, காயக் காய இறுகிக்கும். தரையில வச்சு பூரா கோத்து பாத்துட்டு ஒவ்வொரு சட்டத்துலயும் உளியால நம்பர் வெட்டுவான், ரோமன் எண்ணு, அப்புறம் கழட்டி தூக்கி நிறுத்துவான். அந்த பையன் காட்டினான், 500 வருஷத்து வெட்டு இன்னும் தெரியுது. இதனால இன்னொரு லாபம், வீட்டயே கழட்டி வேற ஊர்ல மாட்டலாம். பாகூர் தம்பி, நீங்க போன எடத்துல நொழையற வாசல் கட்டடம் இருக்குமே, அது அந்த ஊருதே கெடையாது, லிசியூ பக்கத்துல பொவிலியேலேந்து கழட்டி கொண்டாந்து நிறுத்தினது, 16ஆம் நூற்றாண்டு வேலை. நம்ம செட்டிநாட்டு தூணு கழட்டி ஓட்டல்ல வைக்கிறாங்க, அது வேற கதை, அதப் பத்தி பேசினா ரத்தக்கொதிப்பு வரும் எனக்கு.

சட்டத்துக்கு நடுவுல மரச்சிம்பு சொருகி அதுமேல களிமண்ணும் வைக்கோலும் மிதிச்சு அப்பறான். தொர்ஷின்னு சொன்னான். நம்ம பக்கம் மூங்கில் வரிச்சி கட்டி மண்ணு அப்பறோம்ல அதே தான், எங்க பாட்டி வீட்டு சமையக்கட்டு அப்படித்தான் இருந்துச்சு தென்பெண்ணை ஓரத்துல. மேல சுண்ணாம்பு அடிப்பான். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ள போன ஈரம் வெளிய வந்துடும்.

எந்த வருஷம் வெட்டின மரம்னு கூட கண்டுபுடிக்கிறான், மரத்துல வளையம் இருக்கும்ல, மழை நல்லா பேஞ்ச வருஷம் தடியா, இல்லாத வருஷம் மெலிசா, அத வரிசையா பாத்து பொருத்தி வருஷத்த சொல்லிடுவான். பச்சை மரத்துல கட்டறதால வெட்டின வருஷம் தான் ஏறக்குறைய கட்டின வருஷம்.

அந்த ஊர்லயும் நாசம் பண்ணாம இல்ல. போன நூற்றாண்டுல பழைய சுவருக்கு மேல சிமெண்ட் பூசி விட்டுட்டான், பாக்க பளபளன்னு இருந்துச்சு, இருபது முப்பது வருஷத்துல உள்ள அடிச்சட்டம் பூரா புட்டு மாதிரி ஆயிடுச்சு. இப்ப அந்த சிமெண்ட கொத்தி எடுக்கறதே அந்த பையனுக்கு வேலை.

தம்பி உங்க வீட்லயும் யாராவது சிமெண்ட் பூசியிருக்காங்களா கீழ்ப்பக்கம்? ஒரு பந்தயம் கட்டறேன், பூசியிருப்பாங்க. ரோட்டு மட்டம் ஏறியிருக்கும், திண்ணை ஒரு படி காணாம போயிருக்கும், மழைக்கு தண்ணி உள்ள வரும், சுவரு ஈரம் இழுக்கும், பெயிண்ட் உரியும், உடனே சிமெண்ட். ஈரம் வெளிய போக வழியில்லாம மேல ஏறும், பனஞ்சட்டத்தோட முனை சுவத்துக்குள்ள இருக்கு பாருங்க, அங்க போய் உக்காந்துக்கும், அப்புறம் செல்லு. உங்க இன்ஜினியர் பாத்தது அந்த முனைய தான். முனை போனா சட்டம் பூரா போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரு ஸ்குரூடிரைவர் எடுத்துட்டு போய் சட்டம் சுவத்துல நொழையற எடத்துல குத்தி பாருங்க, அரை விரல் அளவு எறங்கினா பரவால்ல, கைப்பிடி வரைக்கும் எறங்கினா மாத்தணும். சுத்தியலால தட்டி பாருங்க, டங்குன்னா நல்லது, பொத்துன்னா இல்ல.


குடிவாரம்:

நல்லா பேசறீங்க எல்லாரும், கெடுக்கணும்னு வரல. ஆனா ஒன்னு கேக்கறேன், நாம பாதுகாக்கற 'பாரம்பரியம்' எப்பவும் ஆண்டை வீடா தானே இருக்கு? அந்த புறாக்கூட்ட பாத்து ஆச்சரியப்படறீங்க. அந்த ஆயிரம் ஜோடி புறா எங்க மேஞ்சுது? பிரபு நெலத்துல மட்டும் எறங்குன்னு புறாவுக்கு தெரியுமா? வெதைச்ச மறுநாள் குடியானவன் நெலத்துல எறங்கி வெதைய பொறுக்கும், அவன் கல்லெடுத்து அடிச்சா குத்தம். 1789ல ராஜாவுக்கு ஊர் ஊரா குறைப்பட்டியல் எழுதி அனுப்பினாங்களே, அதுல இந்த புறா புலம்பல் எவ்ளோ எடத்துல வருது தெரியுமா. ஆகஸ்ட் 4 ராத்திரி உக்காந்து பிரபுக்களோட உரிமைய எல்லாம் ஒழிச்சாங்கல்ல, அந்த தீர்மானத்துல ரெண்டாவது சரத்தே புறாக்கூடு தான். இனிமே வெதைப்பு அறுப்பு காலத்துல புறாவ கூட்டுல அடைக்கணும், அடைக்கலன்னா அது வேட்டை மிருகம், யாரு வேணா அவங்கவங்க நெலத்துல சுடலாம்னு. ஒரு நாட்டோட புரட்சியில ரெண்டாவது வேலையா புறாவ எடுத்தாங்கன்னா வயிறு எவ்ளோ எரிஞ்சிருக்கும்.

அரைக்கணும்னா பிரபுவோட மில்லுல தான் அரைக்கணும், ரொட்டி சுடணும்னா அவன் அடுப்புல தான், திராட்சையோ ஆப்பிளோ பிழியணும்னா அவன் செக்குல தான், ஒவ்வொன்னுக்கும் ஒரு பங்கு. சர்ச்சுக்கு பத்துல ஒரு பங்கு கிட்ட தனியா. அந்த பெரிய களஞ்சியத்த பாத்து மரவேலைய ரசிக்கிறோம், உள்ள இருந்த மூட்டை யாருதுன்னு யோசிக்கல.

எங்க தாத்தாவும் பண்ணையில தான் இருந்தார், சிதம்பரம் பக்கம். ஆனா திண்ணையில இல்ல. படியாள். படிக்கணக்குல நெல்லு வாங்கினவர். 1952ல தஞ்சாவூர் ஜில்லாவுக்கு பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்தப்ப, கொள்ளிடத்துக்கு இந்தாண்ட பக்கம் எங்களுக்கு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். அவர் இருந்த குடிசைக்கு வரிச்சியும் மண்ணும் தான், அது இன்னிக்கு இல்ல, அதுக்கு யாரும் போர்டு வைக்கல. பாகூர் தம்பி, வீட்ட வச்சிக்கோங்க, நல்லது தான். வச்சிக்கிட்டா அந்த நெல்லு அறைய காட்டறப்ப அதுல நெல்லு கொண்டாந்து கொட்டினவங்க யாருன்னும் சொல்லுங்க.


சொல்தா_பேரன்:

குடிவாரம் ஐயா சொன்னதுல ஒரு எழுத்து கூட தப்பில்ல. ஒரு சின்ன சேர்க்கை மட்டும்: நார்மாண்டியில அடிமைக்குடி முறை ரொம்ப சீக்கிரமே, 13ஆம் நூற்றாண்டுக்குள்ளயே போயிடுச்சு. 15ஆம் நூற்றாண்டு குடியானவன் சட்டப்படி சுதந்திர ஆள், ஆனா மில்லும் புறாவும் கழுத்த புடிச்சிட்டு தான் இருந்துச்சு. நான் எழுதறப்ப பொண்ணு குடுக்கறவன் கணக்கு போடறான்னு ஜோக்கடிச்சேன், மேய்ச்சல் கணக்க விட்டுட்டேன். ஒத்துக்கறேன்.


கான்_முத்தியால்பேட்டை:

நான் முத்தியால்பேட்டை பொண்ணு, கல்யாணம் ஆகி நார்மாண்டியில கான்ங்கற ஊர்ல 19 வருஷமா இருக்கேன். நீங்க போன எடம் எங்களுக்கு அரை மணி நேரம். அங்க எல்லாம் சர்க்காரு காசு கொட்டுது, நம்மூர்ல யாரும் கண்டுக்கறதில்லன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு, அது பாதி தான் உண்மை, அதுக்காக எழுதறேன்.

1913 டிசம்பர் 31 சட்டம் தான் இன்னிக்கும் அடிப்படை. ரெண்டு படி இருக்கு, 'க்ளாஸே'ன்னா மேல் படி, ஒரு ஜன்னல் மாத்தறதுக்கு கூட அனுமதி வேணும். 'ஆன்ஸ்க்ரி'ன்னா அடுத்த படி. மொத்தம் 45,000 கிட்ட கட்டடம் இருக்கும், அதுல கிட்டத்தட்ட பாதி தனியார் கையில. சர்க்காரு ரிப்பேர் செலவுல ஒரு பங்கு தரும், வரியில கொஞ்சம் கழிக்கலாம், மீதி வீட்டுக்காரன் பாக்கெட்டு. 1943லேந்து இன்னொன்னு, அந்த மாதிரி கட்டடத்துக்கு 500 மீட்டர் சுத்துல இருக்கற வீட்டுக்காரங்களும் இஷ்டத்துக்கு எதுவும் மாத்த முடியாது. எங்க தெருவுல ஒரு சர்ச் இருக்கு, நாங்க கதவுக்கு பெயிண்ட் அடிக்க எந்த கலர்னு பேப்பர் எழுதி காத்துட்டு இருந்தோம், எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு பேசின தமிழ் இங்க எழுத முடியாது.

பட்டியல்ல வராத பண்ணை தான் ரொம்ப ஜாஸ்தி. வயசானவங்க செத்துப் போவாங்க, பசங்க பாரீஸ்ல இருப்பாங்க, கூரையில ஒரு ஓடு நழுவும், யாரும் ஏற மாட்டாங்க, பத்து வருஷத்துல களஞ்சியம் மண்ணோட மண்ணு. நான் வண்டியில போறப்ப நெறைய பாத்திருக்கேன், ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவுல சட்டம் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிக்கும். அந்த மாதிரி எடத்துக்காக 1996ல ஃபொந்தாசியோன் து பத்ரிமுவான்னு ஒரு பாரம்பரிய அறக்கட்டளை வந்துச்சு, 2018லேந்து லாட்டரி சீட்டு கூட விக்கிறாங்க, டீவில வர ஸ்தேஃபான் பேர்ன் தான் அதுக்கு முகம். சொரண்டற சீட்டு, நானும் வாங்குவேன், ஒரு தடவ கூட விழல, ஏதோ ஒரு கூரைக்கு ஒரு ஓடுன்னு மனச தேத்திக்குவேன்.

நீங்க பாத்த க்ரெவ்கேர பழுது பாத்தது சர்க்காரு இல்ல. ஷ்லம்பெர்ஜெ குடும்பம். ஓஎன்ஜிசில வேலை பாத்தவங்களுக்கு இந்த பேரு தெரியும், எண்ணெய் கெணத்துல கருவி எறக்கறவங்க. அந்த கம்பெனிய ஆரம்பிச்ச அண்ணன் தம்பியில மூத்தவர் கோன்ராட், 1912ல நெலத்துக்குள்ள கரண்ட் விட்டு கீழ என்ன பாறைன்னு பாக்கற சோதனைய தங்க குடும்ப எஸ்டேட்ல தான் செஞ்சு பாத்தார், வால்-ரிஷேன்னு, அதுவும் இந்த ஓஜ் பகுதி தான். அந்த பாசத்துல 1970கள்ல அறக்கட்டளை வச்சு எடுத்து செஞ்சாங்க. எண்ணெய் காசுல புறாக்கூடு நிக்குதுன்னு வச்சிக்கோங்க.

காசில்லாம நிக்கறதும் இருக்கு. லிசியூக்கு தெக்க கூப்சார்த்னு ஒரு மனுவார், மூனு பக்கம் தண்ணி, மரவேலைன்னா அப்படி ஒரு மரவேலை, காலண்டர்ல எல்லாம் போடுவான். அது இன்னிக்கும் பண்ணை தான். தண்ணிக்கு இந்தாண்ட நின்னு போட்டோ எடுத்துட்டு வரணும், உள்ள அவங்க குடும்பம் இருக்கு. மாடு கத்தறது கேக்கும். எனக்கு மியூசியத்த விட அது தான் புடிக்கும், சாயங்காலம் சமையக்கட்டுல லைட்டு எரியறது தண்ணியில தெரியும். கூரை ஒழுகினா அவங்க தலையில தான் விழும், அதனால அன்னிக்கே ஏறி சரி பண்ணுவாங்க.

பாண்டிச்சேரியில மேரி கட்டடம், நகராட்சி ஆபீசு, 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு விழுந்துச்சே ஞாபகம் இருக்கா, அப்புறம் அதே மாதிரி புதுசா கட்டி 2021ல தொறந்தாங்க. அழகா தான் இருக்கு, லீவுல வந்தப்ப பாத்தேன். ஆனா எங்கப்பா பிறந்த சர்டிபிகேட் வாங்க என்ன இட்டுனு போன அந்த மரப்படி, கால் வச்சா கிறீச்சுங்கும், அது இப்ப எங்க.


பாகூர்_பேரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனக்கல. ஞாயித்துக்கிழமை ஸ்குரூடிரைவரோட போயிட்டு வந்தேன். மொத்தம் 22 சட்டம், அஞ்சுல நல்லா எறங்குது, அதுல மூனு மாட்டுக்கொட்டாய் பக்கம், தகரம் போட்ட எடம். மத்ததெல்லாம் டங்குன்னு தான் கேக்குது. சுண்ணாம்புக்கார அண்ணே, பந்தயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க, பெரியப்பா 98ல முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் பூசினாராம், அவரே பெருமையா சொன்னார். திண்ணைக்கு மூனு படி இருந்துச்சு, இப்ப ஒன்னு தான் வெளிய இருக்கு.

பெரியப்பா பசங்க கிட்ட பேசினேன். சண்டை தான். கடைசியில தெருவு பக்கம் இருக்கற காலி மனையில அவங்க ரெண்டு கடை கட்டிக்கட்டும், வீட்ல கை வைக்க வேணாம், வீட்டு ரிப்பேர் என் செலவுன்னு ஒரு பேச்சுக்கு வந்திருக்கு, எழுத்துல இன்னும் வரல, பத்திரம் எழுதற நொத்தேர் கிட்ட போகணும். கொட்டாய என்ன பண்றதுன்னு தான் தெரியல. மாடு இல்ல. சும்மா பூட்டி வச்சா கான்ல அக்கா சொன்ன மாதிரி தான் ஆகும். அம்மா சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரர் நாலு மாடு வச்சிருக்கார், அவருக்கு எடம் பத்தல, அவர் கட்டிக்கட்டும், கூரைய அவரே பாத்துக்குவார்னு. வாடகைக்கு பதிலா பாலு. சொல்தா ஐயா, இது ஃபெர்மா மெத்தேயாழா?

குடிவாரம் ஐயா, நீங்க சொன்னத அம்மா கிட்ட படிச்சு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நெல்லு அறைக்கு பின் பக்கமா ஒரு சின்ன கதவு இருக்குல்ல, அது ஏன்னு உனக்கு தெரியுமான்னு கேட்டாங்க. நான் இத்தன வருஷமா அது காத்துக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். மூட்டை தூக்கிட்டு வரவங்க வீட்டு வழியா வரக்கூடாதுன்னு வச்சதாம். அப்படி மூட்டை தூக்கினவங்க அஞ்சு பேரோட பேர அம்மா சொன்னாங்க, அதுல ஒருத்தர் இன்னும் இருக்காராம், குடியிருப்புப்பாளையம் பக்கம். அவர போய் பாக்கலாம்னு அம்மாவே சொன்னாங்க.


சுண்ணாம்புக்காரன்:

மெத்தேயாழ்னே எழுதிக்கோங்க, பாலு பங்கு தானே. நான் அடுத்த வாரம் கிருமாம்பாக்கத்துல ஒரு வேலை, முடிச்சிட்டு சாயங்காலம் வந்து பாக்கறேன், காசு வேணாம். அது வரைக்கும் ஒன்னே ஒன்னு செய்ங்க: அந்த சிமெண்ட்ட ஒரு கை அகலத்துக்கு மட்டும் கொத்தி வைங்க, மழை தொடங்கறதுக்குள்ள உள்ள எவ்ளோ ஈரம்னு பாத்துடலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு நான் கொண்டாறேன், நீங்க கடுக்காயும் பனவெல்லமும் வாங்கி வைங்க, நாட்டு மருந்து கடையில கேளுங்க, உடைச்ச கடுக்காய் வேணாம், முழுசா. பின்கதவ மட்டும் யாரும் அடைச்சிட வேணாம்னு சொல்லி வைங்க, நான் வர வரைக்கும்.